மாறியது பொருளா, தோற்றமா?

ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, அதன் முன்னால் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். திரியைச் சுற்றி மெழுகு உருகிக் குளம் கட்டும். ஒரு சொட்டு விளிம்பைத் தாண்டி வழிந்து, பாதி வழியிலேயே உறைந்து நின்றுவிடும். அந்தச் சொட்டைச் சுரண்டி எடுத்துப் பாருங்கள், அதே மெழுகுதான். சரி, மெழுகுவர்த்தி குட்டையாகிக்கொண்டே போகிறதே, வழியாத மெழுகெல்லாம் எங்கே போனது? உலர்ந்த, குளிர்ந்த கண்ணாடி டம்ளர் ஒன்றைச் சுடருக்கு மேலே கவிழ்த்துச் சில நொடிகள் பிடித்தால் உட்புறம் மங்கும். தொட்டால் ஈரம். மெழுகுக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கவில்லை. மெழுகில் இருந்த ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து புதிதாக உண்டான தண்ணீர் அது. கூடவே கார்பன் டை ஆக்சைடும் உண்டாகிக் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் கலந்துபோகிறது.

உருகுவதும் உறைவதும் இயற்பியல் மாற்றம். எரிவது வேதியியல் மாற்றம். இலங்கைப் பாடநூல்களில் இவற்றையே பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என்பார்கள். இரண்டும் ஒரே மெழுகுவர்த்தியில், விரல் அகல இடைவெளியில், ஒரே நேரத்தில் நடக்கின்றன. பாடநூலில் இரண்டும் தனித்தனிப் பட்டியலாக இருப்பதால் உலகத்திலும் அப்படித்தான் பிரிந்து கிடக்கும் என்று நினைத்துவிடுகிறோம். புதிதாகப் படிப்பவர்கள் குழம்பும் முதல் இடம் இதுதான்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறோம்: மாற்றம் நடந்து முடிந்த பிறகு கையில் இருப்பது பழைய பொருள்தானா? நிறம் மாறியதா, சூடானதா, குமிழி வந்ததா என்பதெல்லாம் துப்புகள் மட்டுமே. தீர்ப்பு இந்தக் கேள்விக்கான பதிலில் இருக்கிறது.

முதலில் பாதுகாப்பு

கீழே உள்ள சோதனைகள் பெரும்பாலும் வீட்டிலேயே செய்யக்கூடியவை. ஆனாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், அது உப்பு என்று நிச்சயமாகத் தெரிந்தாலும்கூட. வாயு உண்டாகும் எந்தக் கலவையையும் மூடியிட்ட பாட்டிலில் அடைக்காதீர்கள், பாட்டில் வெடிக்கும். தீ வைக்கும் சோதனையைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, துப்புரவுத் திரவங்களை ஒன்றோடொன்று கலந்து 'என்ன ஆகிறது பார்ப்போம்' என்று இறங்கவே வேண்டாம். பிளீச்சிங் திரவத்தோடு அமிலம் கலந்த கழிப்பறைத் திரவம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா சேர்ந்தாலும் நச்சு வாயுதான். இரண்டுமே நுரையீரலைப் பாழாக்கும்.

படி 1: பொருளுக்கு ஓர் அடையாள அட்டை எழுதுங்கள்

மாற்றத்தைப் படிப்பதற்கு முன் பண்பைப் படிக்க வேண்டும். 'அதே பொருள்தானா?' என்று கேட்க வேண்டுமானால், அந்தப் பொருள் முதலில் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டுமே. பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதாகிறது.

முலாம் பூசாத இரும்பு ஆணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறம், தேய்த்தால் பளபளப்பு, காந்தம் இழுக்கிறது, மின்சாரம் கடத்துகிறது, தண்ணீரில் மூழ்குகிறது. ஆணியை வேறு பொருளாக மாற்றாமலேயே இவ்வளவும் தெரிந்துகொள்ளலாம். இவை இயற்பியல் பண்புகள். உருகுநிலையும் இந்தக் கணக்கில்தான் வரும். இரும்பு 1538 டிகிரி செல்சியஸில் உருகும். அங்கே அது திரவமாகிறதே தவிர, இரும்பாகவேதான் இருக்கிறது.

இந்தப் பண்புகளில் எல்லாமே அடையாளத்துக்கு உதவாது. 'எடை 3 கிராம்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது, 3 கிராம் தங்கமும் உண்டு, 3 கிராம் பஞ்சும் உண்டு. நிறை, கன அளவு, நீளம் போன்றவை எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதைச் சார்ந்தவை. உருகுநிலை, கொதிநிலை, அடர்த்தி போன்றவை அளவைச் சார்ந்தவை அல்ல. துளி இருந்தாலும் மலையளவு இருந்தாலும் அதே எண். அட்டையில் இவற்றுக்குத்தான் மதிப்பு.

வீட்டிலேயே அளக்கக்கூடிய சிறந்த அடையாளம் அடர்த்தி. ஒரு டிஜிட்டல் தராசும் கோடு போட்ட அளவுக் குடுவையும் போதும். பொருளை நிறுத்துக்கொள்ளுங்கள். குடுவையில் 50 மில்லி தண்ணீர் ஊற்றி, பொருளை மெதுவாக உள்ளே இறக்கி, தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். 54 கிராம் எடையுள்ள ஓர் உலோகத் துண்டு தண்ணீரை 20 மில்லி உயர்த்தினால், 54-ஐ 20-ஆல் வகுக்க 2.7. அலுமினியத்தின் அடர்த்தி, கன சென்டிமீட்டருக்கு 2.70 கிராம். இரும்புக்கு 7.87, செம்புக்கு 8.96, ஈயத்துக்கு 11.3, தங்கத்துக்கு 19.3.

இங்கே ஒரு சிக்கல். ஒற்றை ஆணியை இப்படி அளந்தால் விடை தாறுமாறாக வரும். 3 கிராம் ஆணி தண்ணீரை அரை மில்லிகூட உயர்த்தாது, அதைக் கண்ணால் படிப்பதில்தான் பிழை முழுவதும் இருக்கிறது. ஒரே மாதிரி ஆணிகள் இருபதை மொத்தமாகப் போடுங்கள். ஆணிகளுக்கு நடுவே சிக்கிய காற்றுக் குமிழிகளைக் குடுவையைத் தட்டி வெளியேற்றுங்கள். அப்புறம் பாருங்கள், எண் 7.8-ஐ ஒட்டி வந்து நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. பண்பை எழுதும்போது அது எந்தச் சூழலில் அளந்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல் மட்டக் காற்றழுத்தத்தில் உண்மை. எவரெஸ்ட் உச்சியில் ஏறத்தாழ 70 டிகிரியிலேயே கொதித்துவிடும். தண்ணீர் அதே தண்ணீர்தான், மேலே அழுத்தும் காற்றுதான் குறைந்திருக்கிறது.

இனி அட்டையின் இரண்டாம் பக்கம்: வேதியியல் பண்புகள். இவற்றைப் பார்த்தோ தொட்டோ அறிய முடியாது. ஒரு பலூனில் ஹைட்ரஜன், இன்னொன்றில் ஹீலியம். இரண்டுக்கும் நிறமில்லை, மணமில்லை, இரண்டும் மேலே பறக்கும். தீயருகே போனால் ஹைட்ரஜன் வெடித்து எரியும், ஹீலியம் சும்மா இருக்கும். எரியும் தன்மை, துருப்பிடிக்கும் தன்மை, அமிலத்தோடு வினைபுரியும் தன்மை ஆகியவை பொருள் வேறொன்றாக மாறும்போதுதான் வெளிப்படும். மாற மறுப்பதும் ஒரு வேதியியல் பண்புதான். காற்றிலும் நீரிலும் தங்கம் மங்காமல் இருப்பது அப்படித்தான்.

பண்பையும் மாற்றத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'மரம் எரியக்கூடியது' என்பது பண்பு. 'மரம் எரிந்தது' என்பது மாற்றம். தீக்குச்சியே பார்க்காத மரத்துக்கும் அந்தப் பண்பு உண்டு.

படி 2: பொருள் மாறாத மாற்றங்கள்

பனிக்கட்டியை ஜிப் உறையில் போட்டு இறுக மூடி நிறுத்துக்கொள்ளுங்கள். உருகிய பிறகு உறையின் வெளியே படிந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுங்கள். எடை மாறியிருக்காது. ஆனால் கன அளவு குறைந்திருக்கும். பனிக்கட்டியின் அடர்த்தி 0.917, தண்ணீரின் அடர்த்தி ஏறத்தாழ 1. தண்ணீர் நிரப்பி மூடிய கண்ணாடி பாட்டில் உறைபனியில் விரிசல் விடுவது இதனால்தான்.

பனிக்கட்டி உருகும் தண்ணீரில் வெப்பமானியை வைத்துக் கலக்கிக்கொண்டே பாருங்கள். கடைசித் துண்டு உருகி முடியும்வரை அது 0 டிகிரியை விட்டு ஏறவே ஏறாது. உள்ளே போகும் வெப்பமெல்லாம் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துவதற்கே செலவாகிறது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் வெப்பம் வேண்டும். உருகிய அந்தத் தண்ணீரை 0-லிருந்து 80 டிகிரிவரை சூடாக்கவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்று முழுசாக இருக்கிறது. தளர்ந்தது மூலக்கூறுகளுக்கு இடையிலான பிடி மட்டும்.

அடுத்து, 100 மில்லி தண்ணீரில் 30 கிராம் உப்பைக் கரையுங்கள். சாதாரண வெப்பநிலையில் 36 கிராம்வரை கரையும், எனவே இது எளிதில் கரைந்துவிடும். அகலமான தட்டில் ஊற்றிச் சில நாட்கள் விட்டுவிடுங்கள். நீர் வற்றியதும் பளபளக்கும் படிகங்கள் மிஞ்சும். நிறுத்தால் ஏறக்குறைய அதே 30 கிராம்.

உப்புக்குப் பதில் சர்க்கரைக் கரைசலை அடுப்பில் வைத்து அவசரமாக வற்றவைத்தால் கதை வேறு. முதலில் நீர் போகும், பாகு கெட்டியாகும், பிறகு மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் கருகிப்போகும். கரி மிஞ்சிய பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் சர்க்கரை திரும்ப வராது. 'சூடாக்குவது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா?' என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. சூடாக்குவது நாம் செய்யும் வேலை, என்ன மாறுகிறது என்பது பொருளையும் வெப்பநிலையையும் பொறுத்தது.

படி 3: பொருளே மாறும் மாற்றங்கள்

அகலமான கண்ணாடி டம்ளரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போட்டு, கொஞ்சம் வினிகரை ஊற்றுங்கள். நுரை பொங்கும். டம்ளரைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்கும். வேதிவினை என்றாலே சூடு என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம். இந்த வினை சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. நுரை அடங்கியதும் எரியும் தீக்குச்சியை டம்ளருக்குள் இறக்குங்கள். அணைந்துவிடும். காற்றைவிடக் கனமான கார்பன் டை ஆக்சைடு உள்ளே தேங்கி நிற்கிறது. அதைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் பால் போலாகும். சோடாவும் அப்படிச் செய்யாது, வினிகரும் செய்யாது. புதிய பண்பு தெரிந்தால் புதிய பொருள் வந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

துருவுக்குப் பொறுமை வேண்டும். மூன்று குப்பிகள், மூன்றிலும் உப்புத்தாளால் தேய்த்த ஆணிகள். முதலாவதில் சாதாரணத் தண்ணீர், ஆணி பாதி மூழ்கும்படி. இரண்டாவதில் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், ஆணி முழுக்க மூழ்கும்படி, மேலே ஒரு படலம் எண்ணெய். கொதிக்கும்போது கரைந்திருந்த காற்று வெளியேறிவிடும், எண்ணெய் மறுபடி காற்றை உள்ளே விடாது. மூன்றாவதில் தண்ணீரே இல்லை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு இறுக மூடுங்கள். ஒரு வாரத்தில் முதல் குப்பி தெளிவாகத் துருப்பிடித்திருக்கும், மற்ற இரண்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். இரும்பு துருவாக மாற ஆக்சிஜனும் வேண்டும், நீரும் வேண்டும் என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள். துருவைச் சுரண்டிப் பாருங்கள். பளபளப்பு இல்லை, நொறுங்குகிறது, காந்தம் இரும்பை இழுத்ததுபோல் அதை இழுப்பதில்லை. அடையாள அட்டையின் பெரும்பாலான வரிகள் பொருந்தவில்லை.

ஆய்வகத்தில், ஆசிரியர் துணையோடு செய்ய வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்தில் இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது. 7 கிராம் இரும்புத்தூளையும் 4 கிராம் கந்தகத்தையும் கலக்குங்கள். சாம்பலும் மஞ்சளுமாக ஒரு பொடி. காந்தத்தைக் காட்டினால் இரும்பு தனியே வந்துவிடும். இது வெறும் கலவை. இதையே சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினால் ஓரிடத்தில் சிவந்து கனல ஆரம்பிக்கும். அடுப்பை எடுத்துவிட்டாலும் கனல் தானாகவே பரவிக்கொண்டு போகும், அவ்வளவு வெப்பத்தை வினையே வெளிவிடுகிறது. ஆறிய பிறகு கிடைப்பது கருஞ்சாம்பல் நிறக் கட்டி, இரும்பு சல்பைடு. காந்தத்தால் அதிலிருந்து இரும்பைப் பிரிக்க முடியாது. அமிலத்தில் போட்டால் இரும்பு மணமற்ற ஹைட்ரஜனைத் தரும், இதுவோ அழுகிய முட்டை நாற்றமடிக்கும் நச்சு வாயுவைத் தரும். வாயு உறிஞ்சும் வசதியுள்ள இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும் என்பது அதனால்தான்.

படி 4: தராசை நம்புங்கள், ஆனால் கவனமாக

பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் லவாய்சியர் 1774-இல் வெள்ளீயத்தை மூடி அடைத்த கண்ணாடிக் கலத்துக்குள் சூடாக்கினார். உலோகம் சாம்பல்போல் மாறியது, கலத்தின் மொத்த எடை மாறவில்லை. கலத்தைத் திறந்தபோது காற்று உள்ளே புகுந்தது, எடை கூடியது. காற்றின் ஒரு பகுதியை உலோகம் எடுத்துக்கொண்டுவிட்டது என்று அவருக்கு அதிலிருந்து விளங்கியது. வேதிவினையில் பொருள்கள் மாறும், மொத்த நிறை மாறாது என்ற விதி இப்படிப்பட்ட பொறுமையான நிறுவைகளிலிருந்து வந்தது.

நீங்கள் செய்து பார்க்க எளிய வழி: ஒரு டம்ளரில் சலவை சோடாக் கரைசல், இன்னொன்றில் எப்சம் உப்புக் கரைசல். இரண்டையும் தராசில் ஒன்றாக வைத்து எடையைக் குறியுங்கள். ஒன்றை மற்றொன்றில் ஊற்றிவிட்டு, காலி டம்ளரையும் தராசிலேயே வையுங்கள். தெளிந்த இரண்டு நீர்மங்கள் சேர்ந்து வெள்ளை வீழ்படிவு, அதாவது நீரில் கரையாத திண்மம், தோன்றும், எடை அப்படியே நிற்கும்.

வினிகர் சோடா சோதனையில் இதைப் பார்க்க முயல்பவர்கள் பாட்டில் வாயில் பலூனை மாட்டி வாயுவைப் பிடிப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனாலும் தராசு கொஞ்சம் குறைத்துக் காட்டும், கசிவே இல்லாவிட்டாலும் காட்டும். உப்பிய பலூன் தன் கன அளவுக்குச் சமமான காற்றை விலக்குகிறது, அந்தக் காற்று அதை மேலே தூக்குகிறது. ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிராம், பலூன் அரை லிட்டர் உப்பினால் சுமார் 0.6 கிராம் குறைவாகத் தெரியும். இதைத் தெரிந்துகொள்ளாமல் 'நிறை அழிந்துவிட்டது' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுக் குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எரிந்தால் எடை குறையும் என்ற எண்ணமும் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. விறகு எரிந்தால் குறைகிறது, ஏனென்றால் விளைபொருள் வாயுவாகி ஓடிவிடுகிறது. மெக்னீசியம் எரிந்தால் கூடும்: 24 கிராம் மெக்னீசியம் 16 கிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 40 கிராம் வெள்ளைப் பொடியாகிறது. அந்தச் சுடரை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, தண்ணீர் ஊற்றி அணைக்கவும் கூடாது. பாதுகாப்பாகப் பார்க்க வேண்டுமானால் மெல்லிய இரும்பு இழைப் பஞ்சை உலோகத் தட்டில் வைத்து எரியுங்கள். அதுவும் எடை கூடும். துருப்பிடிக்காத எஃகு இழை இதற்கு ஆகாது.

படி 5: துப்புகள் ஏமாற்றும் இடங்கள்

நிறமாற்றம், வெப்பம், ஒளி, குமிழி, வீழ்படிவு ஆகியவற்றை வேதியியல் மாற்றத்தின் அறிகுறிகள் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும். சொல்லட்டும், பெரும்பாலும் சரிதான். ஆனால் வெள்ளை நிற துத்தநாக ஆக்சைடு சூட்டில் மஞ்சளாகி ஆறியதும் மறுபடி வெள்ளையாகிறது, புதிய பொருள் எதுவும் வருவதில்லை. குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை வெப்பமும் ஒளியும் தருகிறது, எரிவதில்லை. அடிபட்ட இடத்தில் வைக்கும் உடனடிக் குளிர்ப்பைகள் சிலவற்றில் அம்மோனியம் நைட்ரேட் தண்ணீரில் கரைகிறது, அவ்வளவுதான். அதற்கே பை சில்லிட்டுப்போகிறது.

குமிழியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொதிக்கும் தண்ணீரின் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் காற்று என்பார்கள், சிலர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்பார்கள். உள்ளே இருப்பது நீராவி. அதே தண்ணீர் மூலக்கூறுகள், விலகி நிற்கின்றன. ஒரு மில்லி தண்ணீர் ஆவியானால் 1,600 மில்லிக்கு மேல் இடம் பிடிக்கும். தண்ணீரை உண்மையாகவே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைக்க மின்சாரம் செலுத்த வேண்டும். அப்போது ஒரு முனையில் சேரும் வாயு மறுமுனையில் சேர்வதைவிட இரு மடங்கு இருக்கும். இரு மடங்கு இருக்கும் ஹைட்ரஜன் தீக்குச்சியருகே 'டப்' என்று வெடிக்கும், மற்றதான ஆக்சிஜன் அணையப்போகும் கனலை மறுபடி பற்றவைக்கும்.

இனி, மிக அதிகமாகத் தவறவிடும் இடம். 'பழைய நிலைக்குத் திருப்ப முடிந்தால் இயற்பியல் மாற்றம், முடியாவிட்டால் வேதியியல் மாற்றம்' என்றுதான் நானும் பள்ளியில் மனப்பாடம் செய்தேன். மயில்துத்தம் என்ற நீல நிறச் செம்பு சல்பேட் படிகத்தைச் சூடாக்கினால் நீலம் போய் வெள்ளையாகிறது, ஒரு சொட்டு நீர் விட்டால் மறுபடி நீலம். திரும்பி வருகிறதே என்று இயற்பியல் மாற்றம் என எழுதினேன், தவறென்று வந்தது. ஏன் என்று புரியவே பல காலம் ஆனது. படிகத்துக்குள் பிணைந்திருந்த ஐந்து நீர் மூலக்கூறுகளும் பிரிந்து போய்விட்டன. வெள்ளைப் பொடி வேறு சேர்மம். கிழித்த காகிதம் திரும்பச் சேராது, ஆனால் ஒவ்வொரு துண்டும் காகிதமே. கார் பேட்டரிக்குள் ஒவ்வொரு முறையும் வேதிவினைதான் நடக்கிறது, சார்ஜ் ஏற்றினால் அந்த வினை பின்னோக்கித் திரும்புகிறது. திரும்புமா திரும்பாதா என்பது வேறு கேள்வி, பொருள் மாறியதா என்பது வேறு கேள்வி.

அம்மோனியம் குளோரைடும் இதே ரகம். சூடாக்கினால் குழாயின் அடியில் மறைந்து மேல்பகுதியில் வெண்ணிறமாகப் படியும். பதங்கமாதல், அதாவது திண்மம் திரவமாகாமல் நேராக ஆவியாவது, என்று பல பாடநூல்களில் இருக்கும். உண்மையில் அது அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு என்ற இரண்டு வாயுக்களாகப் பிரிந்து, மேலே குளிர்ந்த இடத்தில் மறுபடி கூடுகிறது. அயோடின் அப்படி இல்லை. அதன் ஊதா ஆவி அயோடினேதான்.

கோடு மங்கும் இடங்கள்

உப்பு தண்ணீரில் கரைவது எந்த மாற்றம்? இயற்பியல் என்றே பள்ளியில் எழுதுகிறோம், திரும்பப் படிகமாகக் கிடைப்பதும் உப்புதான். ஆனால் கரைசலுக்குள் மின்னேற்றம் பெற்ற துகள்களான சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் பிரிந்து, ஒவ்வொன்றையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்கின்றன. திண்ம உப்பு கடத்தாத மின்சாரத்தைக் கரைசல் கடத்துகிறது. சர்க்கரைக் கரைசல் கடத்துவதில்லை, ஏனென்றால் சர்க்கரை மூலக்கூறுகள் முழுசாகவே மிதக்கின்றன. வைரத்தை நீண்ட நேரம் காற்றில்லாமல் மிகக் கடுமையாகச் சூடாக்கினால் கிராஃபைட்டாகிறது. இரண்டும் கார்பன் மட்டுமே, வேறு எதுவும் சேரவில்லை, பிரியவில்லை, ஆனாலும் அணுக்களின் பிணைப்பே மாறிவிட்டது.

இப்படிப்பட்ட இடங்களில் பெயர் வைப்பதற்காகச் சண்டை போடாதீர்கள் என்பது என் கருத்து. தேர்வில் கேட்டால் உங்கள் பாடநூல் சொல்வதை எழுதுங்கள். உங்கள் குறிப்பேட்டில் மட்டும் மூன்று பத்தி போடுங்கள்: முன்பு என்னென்ன பண்புகள், பின்பு என்னென்ன பண்புகள், நடுவில் துகள்களுக்கு என்ன ஆனது. முதல் பக்கத்துக்கு மெழுகுவர்த்தியே நல்ல பாடம். ஊதி அணைத்தவுடன் திரியிலிருந்து வெண்புகை எழும். எரியும் தீக்குச்சியை அந்தப் புகையில் காட்டுங்கள், திரியைத் தொடவே வேண்டாம். தீ புகை வழியாக இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அந்தப் புகை என்ன பொருள், திண்ம மெழுகு திரி வழியாக ஏறி அங்கே வந்து சேர்வதற்குள் எத்தனை முறை மாறியது, அதில் எத்தனை முறை மெழுகாகவே இருந்தது என்று எழுதிப் பாருங்கள்.